எரிக்கத்தானே போகிறார்கள், பிரிப்பானேன்?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், கொதிகலன் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத பலர் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது பொருள், மக்கும் குப்பையைத் தனியாக வாங்கிப் பின்பக்கம் உரமாக்குகிறோமே, அதைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பது. பராமரிப்புக் கட்டணத்தில் அதற்கு ஒரு பங்கு போகிறது. மழைக்காலத்தில் வாடை வருகிறது என்று தரைத்தளத்தில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். இவை நியாயமான பேச்சுகள், அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் பேர் ஆமோதித்த வாதம் வேறு. “கொடுங்கையூரில் எரிஉலை வரப்போகிறதாம். எல்லாவற்றையும் எரித்து மின்சாரம் எடுக்கப்போகிறார்கள். எரிக்கத்தானே போகிறார்கள், நாம் எதற்கு மெனக்கெட்டுப் பிரிக்க வேண்டும்?”

கேள்வி நல்ல கேள்வி. இதற்கு உபதேசமாகப் பதில் சொல்லப்போவதில்லை. கணக்காகச் சொல்கிறேன். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

வெப்ப மதிப்பு என்றால் என்ன?

எந்த எரிபொருளுக்கும் ஒரு எண் உண்டு. ஒரு கிலோ எரிந்தால் எவ்வளவு வெப்பம் வரும் என்பதுதான் அது. அதைக் கிலோகலோரியில் சொல்வோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் ஒரு கிலோகலோரி. நம் வீட்டுச் சமையல் எரிவாயு கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோகலோரி தரும். நம் நாட்டு அனல்மின் நிலையங்களில் எரிக்கும் நிலக்கரி பெரும்பாலும் 3,500, 4,000 என்ற அளவில் இருக்கும்.

குப்பைக்கு இந்த எண்ணைக் கண்டுபிடிப்பது சுலபமல்ல. நிலக்கரி ஓரளவுக்கு ஒரே மாதிரி இருக்கும். குப்பை லாரியில் ஒரு பக்கம் முருங்கைக்காய்ச் சக்கை, மறுபக்கம் அட்டைப்பெட்டி, நடுவில் செங்கல் தூள். ஆகவே லாரியிலிருந்து இறக்கியதை நன்றாகக் கிளறிக் குவித்து, குவியலை நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி கிளறி மறுபடி நான்காகப் பிரிப்பார்கள். கடைசியில் கையாளக்கூடிய ஒரு மாதிரி கிடைக்கும். அதை 105 டிகிரியில், எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை காயவைப்பார்கள். குறைந்த எடைதான் ஈரப்பதம். காய்ந்ததை அரைத்து, சுமார் ஒரு கிராம் எடுத்து, பாம் கலோரிமீட்டர் என்ற கெட்டியான எஃகுக் குடுவைக்குள் ஆக்சிஜனை அழுத்தி அடைத்து எரிப்பார்கள். சுற்றியுள்ள தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறியது என்பதிலிருந்து எண் கிடைக்கும்.

எரித்துப் பார்க்காமல் கணக்கிட இன்னொரு வழியும் உண்டு. பிரெஞ்சு வேதியியலர் டூலாங் பெயரில் வழங்கும் சூத்திரம் அது. கார்பன் சதவீதத்தை 81-ஆல் பெருக்குங்கள். ஹைட்ரஜன் சதவீதத்திலிருந்து ஆக்சிஜனில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து 343-ஆல் பெருக்குங்கள். கந்தகம் இருந்தால் 22-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். ஆக்சிஜனை ஏன் கழிக்கிறோம்? பொருளுக்குள்ளேயே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட ஹைட்ரஜன் ஏற்கெனவே எரிந்ததற்குச் சமம். இந்தச் சூத்திரம் நிலக்கரிக்குப் பொருந்துவதுபோலக் குப்பைக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. ஆனாலும் தோராயம் கிடைக்கும்.

மொத்தச் சம்பளமும் கைக்கு வருவதும்

இப்படிக் கிடைப்பது மொத்த வெப்ப மதிப்பு. உலைக்குப் பயன்படுவது நிகர வெப்ப மதிப்பு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, சம்பளச் சீட்டில் இருக்கும் மொத்தத் தொகைக்கும் வங்கிக் கணக்கில் விழும் தொகைக்கும் உள்ளதுதான். நடுவில் பிடித்தம் உண்டு. இங்கே பிடித்தம் செய்வது தண்ணீர்.

ஈர விறகை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். முதலில் சீறும், நுரைக்கும், புகையும். தண்ணீர் ஆவியாகி முடிந்த பிறகுதான் பிடித்து எரியும். உலையிலும் அதேதான். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கக் கிட்டத்தட்ட 600 கிலோகலோரி செலவாகும். அந்த ஆவி அப்படியே புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். இதோடு, எரியும் பொருளில் இருக்கும் ஒவ்வொரு கிலோ ஹைட்ரஜனும் 9 கிலோ நீராக மாறும். அதற்கும் அதே பிடித்தம் உண்டு.

ஒரு கிலோ காய்கறிக் கழிவையும் மிச்சச் சோற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 700 கிராம் தண்ணீர், 300 கிராம்தான் காய்ந்த சரக்கு. காய்ந்தது கிலோவுக்கு 4,000 கிலோகலோரி என்று வைத்தால், 300 கிராமுக்கு 1,200. தண்ணீருக்குப் பிடித்தம் 420. ஹைட்ரஜன் நீருக்குப் பிடித்தம் 80-லிருந்து 100 வரை. கைக்கு வருவது ஏறத்தாழ 700.

நம் 100 கிலோ

ஏன் 100 கிலோ என்றால், 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், சராசரியாக நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் இடத்தை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்று வகைப்படுத்தின. ஒரு நடுத்தரக் குடியிருப்பு அந்த அளவைச் சுலபமாகத் தொட்டுவிடும். பிரிக்காமல் ஒரே தொட்டியில் போட்ட 100 கிலோ இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது உதாரணக் கணக்கு, எல்லாம் நிகர மதிப்பு.

சமையலறை, தோட்டக் கழிவு: 60 கிலோ. கிலோவுக்கு 700. மொத்தம் 42,000.
தாள், அட்டை: 7 கிலோ. கிலோவுக்கு 3,300. மொத்தம் 23,100.
பலவகைப் பிளாஸ்டிக்: 8 கிலோ. கிலோவுக்கு 7,500. மொத்தம் 60,000.
துணி, ரப்பர், கொட்டாங்கச்சி: 5 கிலோ. கிலோவுக்கு 3,500. மொத்தம் 17,500.
மண், தூசி, கண்ணாடி, உலோகம்: 20 கிலோ. வெப்பம் எதுவும் இல்லை.

ஆகக் கூடி 1,42,600 கிலோகலோரி. 100 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 1,426.

இந்த 1,426 போதுமா? உலக வங்கி 1999-ல் வெளியிட்ட எரிஉலை வழிகாட்டியில் ஓர் அளவுகோல் உண்டு. குப்பையின் நிகர வெப்ப மதிப்பு ஆண்டுச் சராசரியில் குறைந்தது 7 மெகாஜூல் இருக்க வேண்டும், எந்தப் பருவத்திலும் 6 மெகாஜூலுக்குக் கீழே போகக் கூடாது. நம் அளவில் சொன்னால் ஏறத்தாழ 1,670-ம் 1,430-ம். நம் 2016 விதிகளும், மறுசுழற்சிக்கு ஆகாத குப்பையில் 1,500 கிலோகலோரியும் அதற்கு மேலும் உள்ளதைக் கிடங்கில் கொட்டாமல் எரிசக்திக்குப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதின. நம் 1,426 சராசரிக்கான கோட்டுக்கும் 1,500-க்கும் கீழே இருக்கிறது. எந்தப் பருவத்திலும் தாண்டக் கூடாத 1,430-க்கும் ஒரு முடியளவு கீழே.

இப்போது ஐப்பசி மழையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடாத தொட்டி, மூடாத லாரி. 100 கிலோவில் 20 லிட்டர் தண்ணீர் ஏறுகிறது. வெப்பத்தில் 12,000 குறையும், எடையோ 120 கிலோ ஆகிவிடும். 1,30,600-ஐ 120-ஆல் வகுத்தால் 1,088. குப்பை துணை எரிபொருள் இல்லாமல் தானாக எரிய வேண்டுமானால் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழும், சாம்பல் 60-க்குக் கீழும், எரியக்கூடிய பகுதி 25-க்கு மேலும் இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. மழைக்கு முன் நம் குப்பையில் ஈரம் சுமார் 44 சதவீதம். மழைக்குப் பின் 53. கோட்டைத் தாண்டிவிட்டோம்.

இது வெறும் தாள் கணக்கு அல்ல. 1987-ல் டெல்லி திமார்பூரில் டென்மார்க் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தில் நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் ஆலையைக் கட்டினார்கள். 3.75 மெகாவாட் மின்சாரம் எடுப்பது திட்டம். கிலோவுக்குச் சுமார் 1,460 கிலோகலோரி உள்ள குப்பை வரும் என்று வடிவமைத்தார்கள். வந்த குப்பையில் இருந்ததோ 600, 700. சோதனை ஓட்டம் 21 நாள் நடந்தது, பிறகு நின்றுவிட்டது. தாளும் அட்டையும் நிறைந்த ஐரோப்பியக் குப்பைக்குப் பழகிய உலைக்கு, பழைய பேப்பர்காரர் தாளையெல்லாம் எடுத்துக்கொண்டு போனபின் மிஞ்சிய நம் ஊர்க் குப்பையைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

ஒரே எண், இரண்டு பொருள்

யாராவது நம்மிடம் “சென்னைக் குப்பையின் வெப்ப மதிப்பு நன்றாகத்தான் இருக்கிறது” என்று ஓர் எண்ணைக் காட்டினால் என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக நாக்பூரின் நீரி நிறுவனம் 2004-05-ல் 59 நகரங்களின் குப்பையை ஆராய்ந்தது. அதில் சென்னைக்குக் கொடுத்த ஈரப்பதம் 47 சதவீதம், மொத்த வெப்ப மதிப்பு 2,594 கிலோகலோரி.

இந்த 2,594-ஐ ஈரத்தோடு இருக்கும் குப்பைக்கு உரியது என்று எடுத்தால், பிடித்தம் போக ஏறத்தாழ 2,200 மிஞ்சும். உலை மகிழ்ச்சியாக எரியும். காயவைத்த குப்பைக்கு உரியது என்று எடுத்தால் கதை வேறு. ஒரு கிலோவில் காய்ந்தது 530 கிராம்தான், ஆகவே 1,375. தண்ணீர்ப் பிடித்தம் 282. ஹைட்ரஜனுக்குச் சுமார் 115. மிஞ்சுவது 980-க்குள். ஒரே எண்தான். ஒரு பொருளில் ஆலை ஓடும், மறு பொருளில் திமார்பூர் ஆகும். ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. மொத்தமா, நிகரமா? காய்ந்த நிலையிலா, லாரியில் வந்த நிலையிலா? மாதிரியை எடுத்தது கோடையிலா, மழையிலா?

பிரித்தால் என்ன ஆகிறது?

அந்த 100 கிலோவிலிருந்து சமையலறைக் கழிவு 60 கிலோவை எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது 40 கிலோ. வெப்பம் 1,00,600. கிலோவுக்கு 2,515. உலைக்குப் போகும் எடை பாதிக்கும் கீழே குறைந்தது, வெப்பத்தில் 30 சதவீதம்கூடக் குறையவில்லை. அந்த 60 கிலோவுக்குள் இருக்கும் 42 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் 25,200 கிலோகலோரி போய்க்கொண்டிருந்தது. அதாவது இரண்டு கிலோவுக்கு மேல் சமையல் எரிவாயுவுக்குச் சமமான வெப்பம், தினமும், வெறும் ஆவியாக.

எடுத்த 60 கிலோவுக்கு அந்தத் தண்ணீர் பாரமல்ல. உரக்குழிக்கு 50, 60 சதவீத ஈரம் வேண்டும், இல்லாவிட்டால் நுண்ணுயிரிகள் வேலை செய்யா. சாண எரிவாயுக் கலனுக்கோ இன்னும் அதிகத் தண்ணீர் வேண்டும். உலைக்கு எதிரியாக இருக்கும் அதே தண்ணீர் பின்பக்க உரத் தொட்டிக்கு மூலப்பொருள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிரிக்காத கணக்கைத் திரும்பப் பாருங்கள். எடையில் 8 கிலோ மட்டும் உள்ள பிளாஸ்டிக், வெப்பத்தில் 42 சதவீதம் தருகிறது. குப்பையிலிருந்து மின்சாரம் என்று சொன்னாலும், அதில் பெரும்பங்கு பிளாஸ்டிக் வடிவில் இருக்கும் பெட்ரோலியம்தான். ஆகவே எரிஉலைக்காரருக்கும் பழைய பொருள் வாங்குபவருக்கும் போட்டி வருவது இயற்கை. “நல்ல பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிட்டால் எரிய என்ன இருக்கும்?” என்று கேட்பார்கள்.

அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். பாதிப் பிளாஸ்டிக்கை, 4 கிலோவை, மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுகிறோம். 30,000 கிலோகலோரி குறைகிறது. கலந்த குப்பையில் இப்படிச் செய்தால் 96 கிலோவுக்கு 1,12,600, அதாவது 1,173. உலை திணறும். மக்கும் குப்பையை முன்பே எடுத்துவிட்ட நிலையில் செய்தால் 36 கிலோவுக்கு 70,600, அதாவது 1,961. உலக வங்கி கேட்ட 1,670-க்கு மேலேதான் இருக்கிறது.

இன்று நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இந்த இரண்டு எண்கள்தான். மக்கும் குப்பையைக் கலந்து கொடுத்தால், அதில் இருக்கும் தண்ணீரைக் காயவைக்கவே பிளாஸ்டிக்கை எரித்தாக வேண்டும். பிரித்துக் கொடுத்தால், நல்ல பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கும் போகலாம், எதற்கும் ஆகாத மிச்சம் மட்டும் எரிக்கப்படலாம். எரிஉலை வந்தாலும் பிரிக்க வேண்டும். வராவிட்டாலும் பிரிக்க வேண்டும். அந்த மிச்சம் சிமென்ட் ஆலைக்குப் போவதானாலும் அவர்கள் முதலில் பார்ப்பது ஈரப்பதத்தைத்தான்.

எண் சொல்லாதவை

வெப்ப மதிப்பு நன்றாக இருந்தால் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. பி.வி.சி. பிளாஸ்டிக்கும் எரியும், வெப்பமும் தரும். ஆனால் அதில் குளோரின் இருக்கிறது. அரைகுறையாக எரிந்தால் டயாக்சின் போன்ற நச்சுகள் உருவாகும். அதனால்தான் ஐரோப்பிய விதிகள், எரிந்த வாயு குறைந்தது 850 டிகிரியில் இரண்டு விநாடி இருக்க வேண்டும் என்கின்றன. ஈரக் குப்பை உலையின் சூட்டை இறக்கும். சூடு இறங்கினால் எண்ணெயோ வாயுவோ ஊற்றி எரிக்க வேண்டும். அதற்குக் காசு. காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் புகை கெட்டுப்போகும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நாம் அல்ல. பல பத்தாண்டுகளாக நம் எல்லோருடைய குப்பைக்கும் பக்கத்தில் குடியிருக்கும் கொடுங்கையூர் மக்கள். எரிஉலை வேண்டாம் என்று 2025-ல் வடசென்னையில் மனிதச் சங்கிலியாக நின்றவர்களும் நம்மைப் போன்ற குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள்தான். உலை வர வேண்டுமா வேண்டாமா என்பதில் இங்கே இருப்பவர்களுக்குள் இரண்டு கருத்து இருக்கலாம். நாம் கட்டும் பையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அது நம் கையில் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று, சமையலறைத் தொட்டியில் குழம்பையும் ரசத்தையும் ஊற்ற வேண்டாம். வடித்துவிட்டுப் போடுங்கள்.

இரண்டு, மக்காத குப்பை காய்ந்து இருக்கட்டும். பால் கவரை ஒரு முறை அலசி, கொடியில் காயவைத்துப் போடுங்கள். ஈரப் பால் கவர் மறுசுழற்சிக்கும் ஆகாது, அட்டையையும் நனைத்துவிடும்.

மூன்று, பெருக்கிய மண்ணையும் உடைந்த பீங்கானையும் உலர் குப்பையில் போடாதீர்கள். வெப்பம் தராமல் எடையை மட்டும் ஏற்றும் சரக்கு அது. குழந்தைகளின் டயப்பர், சானிட்டரி நாப்கின் இவற்றைத் தனியாகத் தாளில் சுற்றிக் கொடுங்கள். பேட்டரி, டியூப்லைட் தனி.

நான்கு, தரைத்தளத்தார் சொல்லும் வாடை. வாடை வருவது உரமாக்குவதால் அல்ல, உரத் தொட்டியில் ஈரம் மிகுந்து காற்றுப் போகாததால். தொட்டிகளுக்கு மேல் ஒரு தகரக் கூரை போட்டு மழைத் தண்ணீரைத் தடுக்க வேண்டும். நம் வளாகத்தில் உதிரும் வேப்பிலையையும் புங்க இலையையும் மூட்டையில் சேர்த்துவைத்து, ஒவ்வொரு நாள் கழிவுக்கும் மேலே ஒரு அடுக்குக் காய்ந்த இலை தூவ வேண்டும். இப்போது அந்த இலையைத்தான் பெருக்கி மாநகராட்சி லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஐந்து, நம் தூய்மைப் பணியாளர்கள் வெறுங்கையால் நம் பையைக் கிளறும் நிலை இருக்கக் கூடாது. வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தால் அந்த வேலை அவர்களுக்கு இல்லை.

தீர்மானத்துக்கு வருகிறேன். மக்கும் குப்பைப் பிரிப்பைத் தொடர்வது, உரத் தொட்டிகளுக்குக் கூரை போட இந்தக் காலாண்டு நிதியிலிருந்து தொகை ஒதுக்குவது. இந்த இரண்டையும் சேர்த்து முன்மொழிகிறேன். கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் உங்கள் வீட்டு எடைகளைக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். ஒரு வாரம் சமையலறைக் குப்பையைத் தராசில் நிறுத்தாலே போதும், பாதி விடை கிடைத்துவிடும்.